ஆயுத பூஜை அன்று எடுத்த ஷெட்

திருமுல்கேரி
16 ஜூன் 2024

பிரசாத்,

நலமா என்று கேட்கமாட்டேன். நலமாக இருக்கத்தானே போனாய்.

உன் மலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால்தான் போனுக்கு டவர் கிடைக்கும் என்கிறாய். நீ அங்கே நின்று கத்த, பலாப்பழம் விற்கிறவர் முதற்கொண்டு நம் சண்டையைக் கேட்க, அந்தக் கூத்து ஒரு தடவை போதும். இரண்டு யூனிட்டுக்கும் நடுவே ஆபீஸ் தபால் பை போய் வருகிறதே, அதில் போடுகிறேன். டெஸ்பாட்ச் ஜலஜா உறையை வாங்கிக்கொண்டு, "மேடம், இது அஃபிஷியலா பர்சனலா?" என்றாள். "எனக்கே தெரியல, பையில போடு" என்றேன்.

ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி எல்லோரும் ஒரே ஊரில் சேர்த்து வைக்கச் சொல்லித்தான் மனுக் கொடுப்பார்கள். நீ பிரித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தாய். கை தவறி எழுதிவிட்டாய் என்று பர்சனல் செக்‌ஷனில் திருப்பி அனுப்பினார்களாம். நீ மறுபடியும் அதையே எழுதிக் கொடுத்தாயாம். இதை கேண்டீனில் பக்கத்து மேஜைக்காரர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உனக்கு எவ்வளவு கல் நெஞ்சு!

வேலை பழக வந்த ஸ்ரேயாவுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலின் நுனி போனது போனதுதான். விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ரோலர் மெஷினில் கையுறை சிக்கிக்கொண்டபோது அந்தப் பெண் ஏன் மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அமுக்கவில்லை? நான் அவர்களை ஏ.வி. ரூமுக்குக் கூட்டிப்போய், பயிற்சிப் படம் காட்டுகிற ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிவிட்டேன். படத்தில் இருக்கிற நம்முடைய ஷெட்டில் அந்த பட்டன் இருக்கிற இடத்தில் சாமந்தி மாலை தொங்குகிறது. அவள் அங்கேதான் பழகினாள். அவள் கண்ணுக்கு அது பூ.

மெஷின்கள் எல்லாம் நின்று, துடைத்து, ஆளில்லாமல் இருப்பது ஆயுத பூஜை அன்று மட்டும்தான், அன்றைக்கே முழு ஷெட்டையும் முப்பரிமாணத்தில் படம் பிடித்தால் உற்பத்தி நிற்காது என்று திட்டம் போட்டவள் நான். எடுத்தவன் நீ. "மாலையோட அழகா இருக்கு, இருக்கட்டும்" என்று சொன்னது இரண்டு பேரும். பதில் சொல்ல மட்டும் நான் ஒருத்தி நிற்கிறேன்.

நவம்பர் கடைசிக்குள் என் மூன்று வருஷப் பயிற்சித் திட்டத்தை முடித்துத் தர வேண்டும். அதற்குள் புது ஷெட் தயாராகவில்லையென்றால், ஜனவரியில் இதே மாலை போட்ட ஷெட்டைத்தான் பிரதி எடுத்து ஐந்து யூனிட்டுக்கும் அனுப்புவார்கள். பணம் கொடுத்துச் செய்தது, வீணாகக் கூடாதாம். இதைத் திரும்ப எடுக்க உன்னை விட்டால் ஆளில்லை. வருவாயா, மாட்டாயா?

மைதிலி


அரக்கு மலை யூனிட் குவார்ட்டர்ஸ்
30 ஜூன் 2024

மைதிலி,

வரமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நீ பொறுமையாகப் படிக்கலாம்.

இங்கே காலையில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிடுகிறது. படுத்தபடியே பார்த்தால் எதிர் வீடு இருக்காது. கொஞ்ச நேரத்தில் அதன் வாசற்படி மட்டும் வரும், அப்புறம் கதவு, அப்புறம் கதவைத் திறந்து ஓர் அம்மாள். யாரோ ஒருவர் யோசித்து யோசித்து ஊரை வரைகிற மாதிரி இருக்கும். எனக்கு இந்த மெதுவான வாழ்க்கை பிடித்திருக்கிறது. ட்ரெயினிங் செக்‌ஷனில் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் கொடுத்திருக்கிறார்கள். தீயணைக்கும் சிலிண்டரை வரைந்து சொல்லிக்கொடுக்கிறேன். பூசணிக்காய் மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஆனால் கனவை என்ன செய்வது? அதே ஷெட். மேல் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழுகிறது. ஒரு மெஷினும் ஓடவில்லை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். நான் ரோலர் மெஷினிடம் போய் மாலையைத் தூக்குகிறேன், அடியில் இன்னொரு மாலை. அதையும் தூக்குகிறேன், இன்னொன்று. விடிகிற வரைக்கும் பூவைத் தூக்கிக்கொண்டே இருக்கிறேன். எழுந்தால் நிஜமாகவே தோள் வலிக்கிறது.

நீ கேட்டாய் அல்லவா, கல் நெஞ்சு என்று. ஸ்ரேயாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றைக்கு நீ என்ன செய்தாய்? முகத்தைக் கழுவினாய். ஈரத்தைக்கூடத் துடைக்காமல் லேப்டாப்பைத் திறந்து அந்தத் திட்டத்தில் உட்கார்ந்தாய். நான் சமையலறை வாசலில் நின்று உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை திரும்பியிருந்தால் நான் இந்த மலைக்கு வந்திருக்க மாட்டேன். இதைச் சொல்ல இத்தனை நாளாயிற்று எனக்கு.

பிரசாத்


திருமுல்கேரி
21 ஜூலை 2024

பிரசாத்,

தெருவெல்லாம் போனாலு திருவிழா மேளம். தலையில் பானை வைத்த பெண்கள் நம் கேட் வழியாகத்தான் போகிறார்கள். எழுத விடமாட்டேன் என்கிறது அந்தச் சத்தம், இருந்தாலும் உனக்கு இன்றைக்கே பதில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அன்றைக்கு லேப்டாப்பில் என்ன செய்தேன் என்று வந்து எட்டிப் பார்த்தாயா நீ? "ஹெட்செட்டில் தேறியவர்கள் ஒரு வாரத்தில் நேராக மெஷினுக்குப் போகலாம்" என்று அந்தத் திட்டத்தில் ஒரு வரி இருந்தது. அதை அடித்தேன். மறுநாள் காலையில் அடுத்த பாட்ச் அந்த வரியை வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போக இருந்தது, பிரசாத். அழுவதற்கு முன்னால் அதை நிறுத்த வேண்டியிருந்தது. அழுதது அப்புறம். அப்போது நீ மாடிக்குப் போய்விட்டாய். முதுகைப் பார்த்தானாம் முதுகை! கூப்பிட வாய் இல்லையா உனக்கு?

சரி, போகட்டும். இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாப்பாட்டு நேரத்தில் நான் ஏ.வி. ரூமைச் சாத்திக்கொண்டு ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறேன். உன் ஷெட்டில் எப்போதும் காலை பத்து மணி. "உன் புருஷன் எப்போது வருவார்?" என்று என்னைக் கேட்க அங்கே ஆளில்லை. சாமந்தி அன்றைக்குக் கட்டிய மாதிரியே இருக்கிறது. நான் ஒவ்வொரு மெஷினாகச் சுற்றி வருகிறேன், ஒரு கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி மனசு அடங்கிவிடுகிறது. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய், பாவி. அந்த அழகுதான் நம்மைக் கெடுத்தது. வேலை பழக வருகிறவளுக்கு மனசு அடங்கக் கூடாது. பயம் இருக்க வேண்டும்.

ஸ்ரேயா திரும்ப வேலைக்கு வந்துவிட்டாள். லாலாகுடாவிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு தோல் உறை போட்டுக்கொண்டு. அவள் அம்மா என்னோடு இன்னும் பேசுவதில்லை. அவள் பேசுகிறாள். தமிழில் கேட்டால் பாதி தெலுங்கில் பதில் சொல்கிற பெண், இதை மட்டும் தமிழிலேயே கேட்டாள்: "பிரசாத் சார் எப்ப வருவாங்க மேடம்?"

நான் என்ன சொல்லட்டும்?

மைதிலி


அரக்கு
18 ஆகஸ்ட் 2024

மைதிலி,

அந்த வரியை அடித்தாய் என்று எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு காப்பித் தோட்டத்துப் பக்கம் போய் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை வந்து நனைத்த பிறகுதான் எழுந்தேன். காகிதம் சட்டைக்குள் இருந்ததால் தப்பித்தது.

உன் திட்டத்துக்கு ஒன்று சொல்கிறேன். இதைச் சொல்வதற்கு நான் அங்கே இருக்கத் தேவையில்லை. ஹெட்செட்டை எல்லாவற்றுக்கும் வைக்காதே. எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது, ஆபத்து வந்தால் எதை அமுக்குவது, இதற்கு மட்டும் அது போதும். மெஷினைக் கழுவுவது, எண்ணெய் போடுவது மாதிரி வேலைக்கு போனில் பார்க்கிற சின்ன வீடியோ போதும், திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். தகட்டைப் பிடிக்கிற அழுத்தம் எந்தப் படத்திலும் வராது, அதைக் கையால்தான் பழக வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து எழுது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, படத்தில் இருப்பதும் ஷெட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க ஆள் போட வேண்டும், அதையும் சேர். நாம் அதைச் செய்திருந்தால் முதல் தடவையே மாலை கண்ணில் பட்டிருக்கும்.

இங்கே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சொல்லும்போது ஒன்று கவனித்தேன். நான் தப்பாக வரைந்தால் அவர்கள் உடனே கத்துகிறார்கள். என் ஹெட்செட்டுக்குள் நின்ற ஒருத்தரும் கத்தவில்லை. அவ்வளவு நிஜம் மாதிரி இருந்தால் யார் கத்துவார்கள்?

ஸ்ரேயாவிடம் என்ன சொல்வது என்று கேட்கிறாய். நான் வரமாட்டேன் என்று சொல். அந்தப் பெண் முகத்தில் விழிக்க எனக்கு தைரியமில்லை மைதிலி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பிரசாத்


திருமுல்கேரி
15 செப்டம்பர் 2024

பிரசாத்,

நீ சொன்ன மூன்று பிரிவையும் அப்படியே வைத்து எழுதிவிட்டேன். உன் பெயரைப் போடவில்லை. வேண்டுமென்றால் நேரில் வந்து சண்டை போடு.

புரொடக்‌ஷன் சுந்தரேசன் சாரிடம் போய், வேலை நடக்கிற நாளில், ஆள் நடமாட்டத்தோடு, சத்தத்தோடு ஷெட்டைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏம்மா, ஆயிலும் அழுக்கும் வழியறதை ஹெட் ஆபீஸ்காரன் பார்க்கவா? பூஜை அன்னிக்கு எடுத்ததே லட்சணமாத்தானே இருக்கு!" என்றார். "லட்சணத்தைப் பார்த்துத்தான் சார் அந்தப் பொண்ணு விரலை விட்டுது" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறித்தான் வந்தது. அவர் திரும்ப உட்கார்ந்து ஃபைலை இழுத்துக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தசரா முடிந்ததும் மூன்று நாள். மெஷின் எதுவும் நிற்காது, அதனதன் போக்கில் ஓடும், நடுவில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது.

நீ சொன்னதை ஸ்ரேயாவிடம் சொன்னேன். உனக்குப் பயம் என்பதையும் சொன்னேன், கோபித்துக்கொள். அவள் தன் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "விரல் போனது எனக்கு, தலைமறைவு சாரா? நானே டெய்லி பஸ்ஸுல தொங்கிட்டு வர்றேன். அந்த பயமெல்லாம் நக்கோ, வேணாம் மேடம், வரச் சொல்லுங்க. பட்டனை நான் அமுக்குறேன், சார் எடுக்கட்டும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்கு மேல் நான் கெஞ்சமாட்டேன்.

மைதிலி


அரக்கு
29 செப்டம்பர் 2024

மைதிலி,

வருகிறேன்.

பெட்டியைத் திறந்து காமிராவை எடுத்தேன். லென்ஸில் பூஞ்சை இல்லை, தப்பித்தேன். லீவு இல்லை, அஃபிஷியல் டூர் என்றுதான் போட்டிருக்கிறேன். கெஸ்ட் ஹவுஸில் தங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வரும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டு, நீ இல்லை என்று சொன்னால் என்னால் காமிராவைப் பிடிக்க முடியாது. அதனால் கேட்கவில்லை.

பிரசாத்


திருமுல்கேரி
27 அக்டோபர் 2024

திரு. கிருஷ்ணபிரசாத் அவர்களுக்கு,

மூன்று நாள் என்னை "மேடம்", "மேடம்" என்று கூப்பிட்ட மகானுக்கு வேறு எப்படி ஆரம்பிப்பது? ஷெட்டில் எல்லோருக்கும் முன்னால், "மேடம், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்றாய். ஆபரேட்டர் அப்துல் காதர் ரோலர் மெஷினில் தகட்டைப் பிடித்துக்கொண்டே, "கைக்கு, ஏன் சார் இப்டி? வீட்டுலயும் மேடமா?" என்று கேட்டார். நீயும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவர் பாவம், தகட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வேலையைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். ஸ்ரேயா முன்னால் வந்து நின்றபோது நீ காமிராவைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். அவள் தோல் உறையைக் கழற்றிக் காட்டியதையும், நீ அந்த விரலை உன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டதையும் பார்த்தேன். அப்போது உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் போலிருந்தது. வரவில்லை. நீ கெஸ்ட் ஹவுஸ்காரன்.

கடைசி நாள் வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, வருவாய் என்று உட்கார்ந்திருந்தேன். நீ நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய் என்று டிரைவர் போன் பண்ணிச் சொன்னார். வாய் விட்டு நான் கூப்பிடவில்லைதான். அதற்காக? குழம்பைத் தனியாகத் தின்று தீர்க்கிறேன். ரொம்பக் கோபமாக இருக்கிறேன், இந்தத் தீபாவளிக்கு வாழ்த்தும் கிடையாது.

படத்தைச் சீக்கிரம் முடித்து அனுப்பு. நவம்பர் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

மைதிலி


அரக்கு
17 நவம்பர் 2024

மைதிலி,

ஹார்ட் டிஸ்கை இந்தக் கடிதத்தோடு பையில் வைத்திருக்கிறேன். ஷெட் முடிந்துவிட்டது. எண்ணெய் சிந்தியிருக்கிறது, ட்ராலி குறுக்கே வருகிறது, அப்துல் காதர் கத்துகிறார், சிவப்பு பட்டன் எண்ணெய்க் கறையோடு பளிச்சென்று தெரிகிறது. ஸ்ரேயா அதை அமுக்கும்போது மெஷின் முனகி நிற்கிற சத்தத்தை எடுத்த அன்றிலிருந்து எனக்கு மாலைக் கனவு வரவில்லை.

ஒரே ஒரு குறை. அதை நீதான் தீர்க்க வேண்டும்.

அந்தக் காமிரா சுற்றிலும் எல்லாப் பக்கமும் எடுக்கும், உனக்குத் தெரியும். அதை நடுவில் நிறுத்திவிட்டு நான் மரப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். முதல் நாள் ஓடிய ஓட்டத்தில் தூண் ஓரமாக நீ நின்றதை நான் பார்க்கவில்லை. இங்கே வந்து படத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போதுதான் பார்த்தேன். உன் தலையில் ஹெல்மெட் இல்லை. நான் மலையிலிருந்து வெறும் தலையோடு வந்தேன் என்று, உன்னுடையதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாயே, அது என் தலையில் இருந்தது.

ஹெல்மெட் இல்லாத ஆள் பயிற்சிப் படத்தில் இருக்கக் கூடாது. உன்னை அழித்துவிட்டு அந்த இடத்தில் வெறும் சுவரை ஒட்ட வேண்டும். சின்ன வேலை. ஆனால் நீ காமிராவைப் பார்க்கவில்லை மைதிலி. மரப்பெட்டிகளின் பக்கம் பார்க்கிறாய். நான் ஒளிந்திருந்த இடத்தை. தினமும் காலையில் அழிக்க உட்காருகிறேன், உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போகிறேன். வெளியே எதிர் வீடு பனியிலிருந்து வந்துவிட்டிருக்கும்.

நீ மூன்று நாளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உனக்கு நான் வேண்டாம் என்று நினைத்துத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். இந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டுப் பார். அழிப்பதா, வைத்துக்கொள்வதா, நீயே சொல்.

பிரசாத்


திருமுல்கேரி
24 நவம்பர் 2024

பிரசாத்,

ஏ.வி. ரூமைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். உள்ளே போனதும் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டேன். ட்ராலி வந்தபோது நிஜமாகவே ஒதுங்கினேன், நாற்காலியில் முட்டிக்கொண்டேன். பயமாக இருந்தது. நல்ல வேலை செய்திருக்கிறாய்.

அப்புறம் தூண் பக்கம் திரும்பினேன்.

நான் அன்றைக்கு வெறும் கோபத்தில் நின்றதாகத்தான் எனக்கு ஞாபகம். உன்னை எப்படியெல்லாம் திட்டுவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன், சத்தியமாக. அந்தக் கோபம் எங்கே போயிற்று? தூண் ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். தலைமுடியெல்லாம் கலைந்து, கையில் ஃபைலை அணைத்துக்கொண்டு, ஒரு மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காணாமல் போன பிள்ளை கூட்டத்துக்குள் கிடைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றேன். பாவம், இவளுக்கு என்னை விட அதிகம் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. ஹெட்செட்டைக் கழற்றினால் கன்னமெல்லாம் ஈரம், ஹெட்செட்டின் பஞ்சும் நனைந்துவிட்டது. ஜலஜா கேட்டால் வியர்வை என்று சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு பதில் இதுதான். அழித்துவிடு. நாளைக்கு வருகிற பிள்ளைகள் யாராவது அவளைப் பார்த்துவிட்டு, வெறும் தலையோடு ஷெட்டில் நிற்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நம்மால் போனது ஒரு விரலோடு போகட்டும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அந்த முகம் வேண்டுமென்றால் இங்கே வந்து பார்த்துக்கொள். வீட்டுக்குள் ஹெல்மெட் போட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

மைதிலி